ரத்தத்தில் ஏற்கெனவே அதிகம் இருப்பதை ஊசியிலும் ஏன் போடுகிறார்கள்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 46. வீட்டிலேயே தையல் வேலை. ஏழு வருஷமாக முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் 20 மில்லிகிராம் மாத்திரை, தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன். நடுவில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஆறு மாதமாக மணிக்கட்டும் விரல்களும் மறுபடி வீங்குகின்றன. காலையில் விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. என் டாக்டர், எட்டனர்செப்ட் என்ற ஊசியை வாரம் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் ‘அவசரப்படாதீங்க அத்தை’ என்று சொல்லி, தனியார் லேப் ஒன்றில் பெரிய ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தான். அதில் ‘கரையும் டி.என்.எஃப். ஏற்பி’ அதிகம், ‘கரையும் ஐ.எல்.-6 ஏற்பி’ அதிகம் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், எட்டனர்செப்ட் ஊசியே அந்த டி.என்.எஃப். ஏற்பிதான் என்று போட்டிருக்கிறது. உடம்பில் கூடிப்போனதையே மேலும் ஏற்றினால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆகாதா? இது எலி செல்லில் செய்வதாமே? என் அப்பாவுக்கு டி.பி. இருந்தது, எனக்கு இதைப் போடலாமா? மஞ்சள் மாத்திரை சாப்பிட்டால் இந்த ஏற்பி குறையுமா?
(வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்:

எண்ணெய் ஊற்றியது போல ஆகாது. டி.பி. பரிசோதனைகளை முடித்துக்கொண்டு அந்த ஊசியை நீங்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். அது சாதாரண சந்தேகம் இல்லை.

டி.என்.எஃப். என்பது நம் வெள்ளணுக்கள் சுரக்கும் ஒரு புரதம். 1975-ல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு என்பவரின் குழு இதற்குப் பெயர் வைத்தது. எலிகளில் கட்டிகளை அழுகச் செய்ததால் ‘கட்டி அழுகல் காரணி’ என்ற பொருளில் வைத்த பெயர் அது. கட்டிக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கை அவ்வளவாகக் கைகூடவில்லை. ஆனால் முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு தடித்து வீங்குவதில் இதற்குப் பெரிய பங்கு இருப்பதை, 1980-களின் கடைசியில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் காட்டினார்கள். நோயாளிகளின் மூட்டுச் சவ்வை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்துப் பார்த்தபோது, அழற்சியை உண்டாக்கும் மற்றொரு புரதமான ஐ.எல்.-1-ம் சேர்ந்தே இறங்கியது. ஒன்றைத் தடுத்தால் அதன் பின்னால் வருவதும் அடங்குகிறது என்று தெரிந்த பிறகுதான், இன்றைக்கு உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்கும் வகை மருந்துகளுக்கு வழி பிறந்தது.

இந்தப் புரதம் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. செல்லின் மேல்தோலில் இதற்கென்று இருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் செல்லுக்குள் சேதி போகும். புரதம் சாவி, ஏற்பி கதவில் பொருத்திய பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.எஃப்.-க்கு இரண்டு வகைப் பூட்டு உண்டு. பி-55, பி-75 என்பார்கள்.

சில சமயம் செல் தன் பூட்டைத் தானே கழற்றிவிடும். ஆடம்-17 என்ற ஒரு நொதி, ஏற்பியின் வெளிப்பக்கத் துண்டை மேற்பரப்பை ஒட்டி வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட துண்டு ரத்தத்திலும் மூட்டு நீரிலும் கலந்து மிதக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் சிவப்பில் இருக்கும் ‘கரையும் ஏற்பி’ அதுதான். இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. பூட்டு போன செல்லுக்கு டி.என்.எஃப். வந்தாலும் சேதி போகாது. அதோடு, வெளியே மிதக்கும் பூட்டுக்குள் சாவி மாட்டிக்கொண்டால் அந்தச் சாவி வேறு கதவைத் திறக்கவும் போகாது. ஆக, டி.என்.எஃப்.-ஐப் பொறுத்தவரை கரையும் ஏற்பி என்பது உடம்பே போட்டுக்கொள்ளும் பிரேக். வேடிக்கை என்னவென்றால், டி.என்.எஃப்.-ஐச் செல்லின் மேற்பரப்பிலிருந்து வெட்டி வெளியே விடுவதும் அதே ஆடம்-17 தான். 1997-ல் இந்த நொதியைக் கண்டுபிடித்தபோது அந்த வேலைக்காகத்தான் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மிதக்கும் துண்டை முதலில் கண்டது சிறுநீரில். 1988-ல் ஜெனீவாவில் ஜான்-மிஷேல் டேயரின் குழு, காய்ச்சல்காரர்களின் சிறுநீரில் டி.என்.எஃப்.-ஐ முடக்கும் ஏதோ ஒரு பொருள் இருப்பதாகச் சொன்னது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் வாலக், ஸ்வீடனின் லுண்டு நகரில் இங்கெ ஓல்சன் ஆகியோரின் குழுக்களும் அதே காலத்தில் அதே பொருளைத் துரத்திக்கொண்டிருந்தன. 1990-க்குள் அது வேறெதுவும் இல்லை, டி.என்.எஃப். ஏற்பியின் வெட்டுப்பட்ட துண்டேதான் என்று தெளிவாகிவிட்டது. நம் உடம்பு மட்டும் இந்த உத்தியைக் கையாளவில்லை. பெரியம்மை வைரஸும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில வைரஸ்களும், கரையும் டி.என்.எஃப். ஏற்பியைப் போன்ற புரதத்தைச் செய்வதற்கான மரபணுவையே வைத்திருக்கின்றன. நம் எதிர்ப்புச் சக்தியின் வாயை அடைக்க அவை எடுத்துவரும் ஆயுதம் அது.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அழற்சி கூடும்போது டி.என்.எஃப். கூடுகிறது, அதைத் தொட்டு ஏற்பியை வெட்டுவதும் கூடுகிறது. முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் இந்தத் துண்டுகள் அதிகம், வீங்கிய மூட்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் அதைவிட அதிகம் என்பது 1990-களின் தொடக்கத்திலேயே அளந்து பார்த்த விஷயம். அதாவது உங்கள் ரத்தத்தில் அது ஏறியிருப்பது நோய்க்குக் காரணம் அல்ல, நோயை அடக்க உடம்பு எடுத்த முயற்சி. அந்த முயற்சி போதவில்லை, அவ்வளவுதான். போதியிருந்தால் ஒன்றரை மணி நேரம் விரல் மடங்காமல் இருக்காது.

ஏன் போதவில்லை? இதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதல் காரணம் அளவு. இயற்கையாக ரத்தத்தில் இந்தத் துண்டு ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் அளவில்தான் இருக்கும். ‘அதிகம்’ என்று லேப் சிவப்படிப்பதும் பெரும்பாலும் அந்தச் சில நானோகிராம் கணக்குக்குள்தான். வாரம் 50 மில்லிகிராம் எட்டனர்செப்ட் போடுகிறவரின் ரத்தத்தில், மருந்து நிலைபெற்ற பிறகு, அதே ஒரு மில்லிலிட்டரில் சுமார் 1,200-லிருந்து 2,400 நானோகிராம் வரை மருந்து இருக்கும். பல நூறு மடங்கு. உடம்பு கையளவு போட்டதை டாக்டர் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்.

இரண்டாவது காரணம் பிடி. இயற்கைத் துண்டு ஒற்றையாக மிதக்கிறது. டி.என்.எஃப்.-ஐப் பிடிக்கும், சீக்கிரமே விட்டும்விடும். பிடித்துவிட்டுப் பிறகு விடுவதால், அளவு குறைவாக இருக்கும்போது இந்த ஒற்றைத் துண்டு டி.என்.எஃப்.-ஐச் சிதையாமல் காப்பாற்றி மெல்ல மெல்ல வெளியே விடும் கிடங்காகக்கூட ஆகலாம் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். எட்டனர்செப்டில் பி-75 ஏற்பியின் இரண்டு துண்டுகளை ஓர் எதிர்ப்புப் புரதத்தின் வால் பகுதியோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதால் ஆய்வகச் சோதனைகளில் ஒற்றைத் துண்டைவிட 50 முதல் 1,000 மடங்கு வரை வலுவாக டி.என்.எஃப்.-ஐ முடக்கியது.

மூன்றாவது, நிற்கும் காலம். இயற்கைத் துண்டு சின்னது. சிறுநீரகம் அதைச் சுலபமாக வடிகட்டி வெளியே தள்ளிவிடும். சிறுநீரில் முதலில் அகப்பட்டதற்கே அதுதான் காரணம். மருந்து பெரிய மூலக்கூறு, வடிகட்டியில் போகாது. அதோடு அந்த வால் பகுதி இருப்பதால் உடம்பு அதை அழிக்காமல் மறுபடி மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. பாதி அளவாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். வாரம் ஒரு ஊசி போதும் என்பதன் கணக்கு இதுதான்.

அமெரிக்காவில் 1998 நவம்பரில் முடக்குவாதத்துக்கு இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் இதே மருந்தை, ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடும் செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1996-ல் வந்த முடிவு அதிர்ச்சியாக இருந்தது. மருந்து கொடுக்காதவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம். அதிக அளவு மருந்து கொடுத்தவர்களில் 53 சதவீதம். பி-55 துண்டை வைத்துச் செய்த லெனர்செப்ட் என்ற சகோதர மருந்து, மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு நோயைக் குறைப்பதற்குப் பதில் கூட்டியது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. டி.என்.எஃப். எல்லா இடத்திலும் கெட்டவன் இல்லை. கிருமியோடு சண்டை போட அது வேண்டும். ஆகவே கிருமித் தொற்று இருக்கும் நேரத்தில் இந்த ஊசியை நிறுத்திவைக்கச் சொல்கிறோம். குடும்பத்தில் யாருக்காவது அந்த நரம்பு நோய் உண்டா, இதயம் பலவீனமாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கிறோம்.

அடுத்து ஐ.எல்.-6 ஏற்பி. இங்கே கதை தலைகீழ். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே சிவப்பில் அச்சடித்திருப்பதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டும் ஒரே மாதிரிப் பொருள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

ஐ.எல்.-6-ம் அழற்சியை உண்டாக்கும் ஒரு புரதம்தான். அதை 1986-ல் ஜப்பானின் ஒசாகாவில் தோஷியோ ஹிரானோ, தடாமிட்சு கிஷிமோட்டோ குழு பிரித்தெடுத்தது. இதற்கான ஏற்பி கல்லீரல் செல்லிலும் சில வெள்ளணுக்களிலும்தான் சொந்தமாக இருக்கிறது. மற்ற செல்களில் அது இல்லை. ஆனால் சேதியை உள்ளே கொண்டுபோகும் கூட்டாளிப் புரதம், ஜி.பி.-130, ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கிறது. இப்போது கழன்று மிதக்கும் ஐ.எல்.-6 ஏற்பி என்ன செய்கிறது தெரியுமா? சாவியையும் மாட்டிக்கொண்டு, தனக்கென்று பூட்டே இல்லாத கதவில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் திறந்துவிடுகிறது. டி.என்.எஃப்.-இல் பிரேக்காக இருந்த அதே ஏற்பாடு இங்கே ஆக்ஸிலரேட்டர். ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் ரோஸ்-யோன் இந்த வழியைப் பல வருஷம் துருவி ஆராய்ந்தவர். மூட்டுச் சவ்வுச் செல்களுக்கு ஐ.எல்.-6-இன் சேதி போவது பெரும்பாலும் இந்தப் பின்வாசல் வழியாகத்தான்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் இது அதிகம் இருப்பது மோசமா? அதுவும் இல்லை. ரத்தத்தில் கரையும் ஜி.பி.-130-ம் மிதக்கிறது, அதுவும் தாராளமாக. ஐ.எல்.-6-ம் அதன் கழன்ற ஏற்பியும் ஜோடியாக வந்தால், செல்லுக்குப் போகுமுன் அது மடக்கிவிடும். ரத்தத்தில் பெரும்பாலும் இப்படிச் சமாளித்துக்கொள்கிறது. மூட்டுக்குள் ஐ.எல்.-6 குவிந்து கிடப்பதால் அங்கேதான் சமாளிப்பு போதாமல் போகிறது. கைநரம்பில் குத்தி எடுத்த ரத்தம் மணிக்கட்டுக்குள் நடப்பதைச் சொல்லாது.

இன்னும் ஒன்று. சிலர் பிறக்கும்போதே ஐ.எல்.-6 ஏற்பி மரபணுவில் ஒரு சின்ன மாறுதலோடு பிறக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஏற்பி எளிதில் வெட்டுப்படும். வாழ்நாள் முழுக்க ரத்தத்தில் அது அதிகமாகவே இருக்கும். 2012-ல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய ஆய்வுகளில், இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சற்றுக் குறைவாகவும் மாரடைப்பு நோய் ஆபத்து கொஞ்சம் குறைவாகவும் இருந்தது. செல்லிலிருந்து ஏற்பி கழன்று போனதால் செல்லின் காது மந்தமாகிவிட்டது என்பதுதான் அதற்கான விளக்கம். ஆகவே உங்கள் அளவு கூடியிருப்பதற்கு நோய் காரணமா, பிறவி மரபணு காரணமா என்று அந்த ஒரு எண்ணை வைத்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

கரையும் ஏற்பி குறைந்தாலும் நல்லது என்று அர்த்தம் இல்லை. அயர்லாந்து வழிவந்த ஒரு குடும்பத்தில், வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலும் வயிற்றுவலியும் தலைமுறை தலைமுறையாக வருவதை 1982-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதினார்கள். 1999-ல் அதற்குக் காரணம் பி-55 ஏற்பி மரபணுவில் உள்ள பிழை என்று தெரிந்தது. நோய்க்கு டிராப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் கரையும் ஏற்பி குறைவு. வெட்டுப்படாததால்தான் பிரேக் இல்லாமல் காய்ச்சல் வருகிறது என்று முதலில் நினைத்தார்கள், அழகான விளக்கம். பிறகு பார்த்தால், பலரிடம் ஏற்பி சரியாக மடங்காமல் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு அங்கிருந்தே தொல்லை கொடுப்பது தெரிந்தது. எட்டனர்செப்ட் ஓரளவுதான் உதவியது, ஐ.எல்.-1-ஐத் தடுக்கும் மருந்து நன்றாக வேலை செய்கிறது. இந்தத் துறையில் ஒரு எண்ணைப் பார்த்து நேரடியாக முடிவுக்குத் தாவினால் இப்படித்தான் ஆகும்.

சில நோய்களில் கரையும் ஏற்பியை அளப்பது நிஜமாகவே பயன்படுகிறது. எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிப் போய்த் தன் ரத்த அணுக்களையே விழுங்கும் எச்.எல்.எச். என்ற ஆபத்தான நிலையில் கரையும் ஐ.எல்.-2 ஏற்பியைப் பார்க்கிறோம். சர்க்கரை நோயாளிகளில் கரையும் டி.என்.எஃப். ஏற்பி கூடியிருந்தால் பின்னாளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2012 முதல் ஆய்வுகள் வந்திருக்கின்றன. முடக்குவாதத்தில் மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்தப் பரிசோதனைகள் உதவுவதில்லை. உங்கள் டாக்டர் அதை எழுதாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அண்ணன் மகனிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்; பாசத்தில் செய்திருக்கிறார். ஆனால் மறுபடி அந்தப் பேக்கேஜுக்குக் காசு கட்ட வேண்டாம். அதிலும் எட்டனர்செப்ட் போட ஆரம்பித்த பிறகு பி-75 ஏற்பியை அளந்தால், கருவி ஊசி மருந்தையே ஏற்பி என்று எண்ணிக் காட்டிவிடும். ஐ.எல்.-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே ரத்தத்தில் அந்த ஏற்பியின் அளவு மளமளவென்று ஏறும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு.

அந்த ரிப்போர்ட்டிலிருந்து ஒரே ஒரு உருப்படியான வேலை செய்யலாம். டி.என்.எஃப். ஏற்பி சிறுநீரகம் வழியாகப் போவது என்று சொன்னேன் அல்லவா? சிறுநீரகம் மந்தமானாலும் அது ரத்தத்தில் தேங்கும். முடக்குவாதக்காரர்கள் வலி மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்வது வழக்கம். நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் குறைந்திருந்தால் மெத்தோட்ரெக்ஸேட் உடம்பில் தங்கி நச்சாகும், அளவை மாற்ற வேண்டும். அது இந்த ஏற்பி விவகாரத்தைவிட அவசரம்.

மருந்தை முடிவு செய்ய உங்கள் டாக்டர் பார்ப்பது வேறு. இரண்டு கையிலும் மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கை, தோள், முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார். அதோடு அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை, நீங்கள் சொல்லும் பொதுவான நிலை. விரல் கணுவை இரண்டு கட்டைவிரலாலும் நெருடிப் பார்த்தால் சவ்வு வீக்கம் பஞ்சு மாதிரி நெகிழும்; எலும்புத் தேய்மானமாக இருந்தால் கல்லு மாதிரி இருக்கும். எந்த லேபாலும் இதைச் செய்ய முடியாது. அடுத்த முறை போகும்போது, எந்த விரல், காலையில் எவ்வளவு நேரம், எந்தத் தையல் வேலை முடியவில்லை என்று எழுதி எடுத்துப் போங்கள். ‘நூல் கோர்க்க முடியவில்லை’ என்று எனக்கு எழுதினீர்களே, அந்த ஒரு வரியே எந்த மருத்துவருக்கும் பாதி சேதியைச் சொல்லிவிடும்.

டி.பி. விஷயம். இதைத்தான் நீங்கள் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். நுரையீரலில் தூங்கிக் கிடக்கும் டி.பி. கிருமியைச் சுற்றி உடம்பு ஒரு முடிச்சுக் கட்டி வைத்திருக்கும். அந்த முடிச்சு அவிழாமல் இருக்க டி.என்.எஃப். வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் என்ற இன்னொரு டி.என்.எஃப். தடுப்பு மருந்து போட்ட 70 பேருக்கு டி.பி. வந்த செய்தி 2001-ல் வெளியானது. அதன் பிறகுதான் உலகம் முழுக்க முன்பரிசோதனை கட்டாயமானது. எல்லா டி.என்.எஃப். தடுப்பு மருந்துக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. பிரிட்டிஷ் நோயாளிப் பதிவேட்டிலிருந்து 2010-ல் வந்த கணக்கில், லட்சம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் டி.பி. வருவது அடாலிமுமாபுக்கு 144, இன்ஃப்ளிக்சிமாபுக்கு 136, எட்டனர்செப்டுக்கு 39. டி.பி. நிறைந்த நம் நாட்டுக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் வரிசையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் டி.பி. இருந்த உங்களுக்கு இந்த வகையில் எட்டனர்செப்டை உங்கள் டாக்டர் தேர்ந்தெடுத்திருப்பது யோசித்துச் செய்ததாகத்தான் தெரிகிறது.

நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை எடுங்கள். அப்பாவுக்கு எந்த வருஷம் டி.பி. இருந்தது, அப்போது ஒரே வீட்டில் இருந்தீர்களா, அவர் மருந்தை முழுசாக முடித்தாரா என்பதைச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். கிருமி இருந்தும் மாண்டூ வீங்காமல் ஏமாற்றலாம். தூங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் தடுப்பு மாத்திரை ஆரம்பித்து, பொதுவாக ஒரு மாதமாவது போன பிறகு ஊசியைத் தொடங்குவோம். அந்த மாத்திரையும் மெத்தோட்ரெக்ஸேட்டும் இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, ஆகவே அந்தக் காலத்தில் கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

மஞ்சள் மாத்திரை வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் எப்போதும் போல இருக்கட்டும். மிளகுச் சத்து சேர்த்த கெட்டி மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து மருத்துவக் குறிப்புகள் வந்திருக்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் அதோடு விளையாடக் கூடாது. அதோடு, டி.என்.எஃப். ஏற்பி குறைய வேண்டும் என்று நீங்கள் ஏன் ஆசைப்பட வேண்டும்? அது உங்கள் பக்கம் நிற்கிறது.

எலி செல் உண்மைதான். சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்துப் பல பத்தாண்டுகளாக ஆய்வகத்தில் வளர்ந்துவரும் செல்களில் செய்கிறார்கள். இன்னும் பல புரத மருந்துகளும் அதே செல்களில்தான் தயாராகின்றன. செல்லுக்குள் வைத்த மரபணு மனிதனுடையது, வெளியே வருவது மனிதப் புரதம். அதைச் சுத்திகரித்துத்தான் ஊசியில் அடைக்கிறார்கள்.

இனி, முதலில் சொன்ன இரண்டு வழிகள். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையாகச் சாப்பிடும்போது 15 மில்லிகிராமைத் தாண்டினால் குடல் உறிஞ்சுவது மட்டுப்படுகிறது. அதே 20 மில்லிகிராமைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் சிலருக்கு நல்ல வித்தியாசம் தெரியும், செலவும் குறைவு. இதைப் போட்டுப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அடுத்தது, நீங்கள் எடுக்கும் இரண்டு மருந்தோடு சல்ஃபாசலசீனைச் சேர்ப்பது. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாமல் போன 353 பேரிடம், இந்த மும்மருந்துக் கூட்டையும் எட்டனர்செப்டோடு மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பதையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2013-ல் வந்தது. 48 வாரத்தில் மும்மருந்து பின்தங்கவில்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு வேகமாக இருந்தாலும், மூட்டு நிறைய வீங்கியிருந்தாலும் காத்திருக்காமல் ஊசிக்குப் போவதுதான் சரி என்று நானும் சொல்வேன். கையைப் பார்த்தவர் உங்கள் டாக்டர். முடிவு அவருடையதும் உங்களுடையதும்.

ஊசிக்குப் போவதாக இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் பலன் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக இருப்பதை 2004-ல் வந்த டெம்போ ஆய்வு காட்டியது. மருந்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் மாதத்தில் போட்ட இடம் சிவந்து அரிக்கலாம், தானே சரியாகும். பலன் சிலருக்கு இரண்டு வாரத்தில் தெரியும், மூன்று மாதம் வரை பார்த்துவிட்டுத்தான் உதவுகிறதா இல்லையா என்று தீர்மானிப்போம். உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசி எதுவும் இந்தக் காலத்தில் போடக் கூடாது. காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, பழுத்த புண் என்று எது வந்தாலும் அந்த வார ஊசியை நிறுத்திவைத்துவிட்டு டாக்டருக்கு ஃபோன் போடுங்கள். ஊசியை ஒரு வாரம் தள்ளிப் போட்டதால் மூட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.